மோதிரம் அல்ல, சாவி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் ரோமானியர்களின் வீட்டுப் பொருட்கள் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. வலது ஓரப் படத்துக்குக் கீழே ‘பூவேலை செய்த வெண்கல மோதிரம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது மோதிரம் இல்லை, சாவி. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் 41 ஆண்டுகள் அரம் பிடித்தவன் நான். வளையத்திலிருந்து சிறு தகடு ஒன்று நீண்டிருக்கிறது, பாருங்கள். அதில் பூவிதழ் என்று நீங்கள் எண்ணியவை பற்கள். ஐந்தில் ஒன்றுகூட இன்னொன்றின் அளவில் இல்லை. அழகுக்குச் செய்கிறவன் இதழ்களை ஒரே அளவாக வெட்டுவான். வேண்டுமென்றே மாற்றி வெட்டுகிறவன் பூட்டுக்காரன்தான்.

ரோமானியர்களிடம் திருகும் சாவியும் இருந்தது. ஆனால் இந்த வகை திருகுவதில்லை. பூட்டின் தாழில் முக்கோணம், சதுரம் என்று சிறு துளைகள் இருக்கும். மேலே ஒரு வில்தகடு அழுத்திக்கொண்டிருக்க, அதே வடிவத்தில் செய்த குச்சிகள் அந்தத் துளைகளில் விழுந்து தாழை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாவியின் பற்கள் அடியிலிருந்து ஏறிக் குச்சிகளை மேலே தள்ளிவிட்டு, அவை இருந்த துளைகளில் தாங்கள் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே பக்கவாட்டில் இழுத்தால் தாழும் கூடவே வந்துவிடும். இது புரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று வாசல் கதவுகளில் மாட்டும், குச்சி வைத்த ‘பின்’ (pin) பூட்டிலும் குச்சியைத் தூக்கித் தடையை விலக்குவதுதான் வேலை.

மரப்பெட்டி மக்கிவிடும், இரும்பு துருவாகிவிடும். வெண்கலச் சாவியும் துளையிட்ட தாழும்தான் பெரும்பாலும் மண்ணில் மிஞ்சுகின்றன. பெட்டி இல்லாமல் சாவியை மட்டும் பார்க்கிறவர்கள் மோதிரம் என்று நினைப்பதில் வியப்பில்லை. அவர்களுடைய உடையில் பை கிடையாது. அதனால் சிறு பேழைகளின் சாவியை விரலிலேயே போட்டுக்கொண்டார்கள்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கி.மு. 44-இல் ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனியைச் சாடி, ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிய உரையில் ஓர் இடம் வருகிறது. தன்னோடு வாழ்ந்த நடிகையை ஆண்டனி விலக்கியதை மனைவியை விலக்குவதுபோலவே சொல்கிறார்: உன் பொருளை எடுத்துக்கொள் என்றானாம், ரோமின் பழைய சட்டத் தொகுப்பான பன்னிரு பலகைச் சட்டப்படி சாவிகளை வாங்கிக்கொண்டானாம், வெளியே அனுப்பினானாம். ஒருத்தியை மனைவி இல்லை என்று ஆக்க அவள் கையிலிருந்த சாவியை வாங்கினால் போதும் என்றால், அந்தச் சாவியில் எவ்வளவு உரிமை இருந்திருக்க வேண்டும்! என் அம்மா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை என் மனைவியிடம் கொடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று இருவருமே பேசவில்லை. ‘பூவேலை மோதிரம்’ என்ற இரண்டே சொல் அந்த உரிமையை அலங்காரமாக மாற்றிவிடுகிறது.

பட்டறைக்குப் போவதை விட்டபின், படங்களைப் பார்த்து இப்படி ஒரு மோதிரச் சாவியும் பூட்டும் செய்து பார்த்தேன். பித்தளையில் ராவி, தேக்குப் பெட்டியில் பொருத்த எட்டு நாள் ஆனது. முதல் மூன்று முறை குச்சிகள் இறுகி நின்றுவிட்டன; துளையை மயிரிழை அளவு அகட்டிய பிறகே தாழ் நகர்ந்தது. விரலில் போட்டால் இடிக்காதா என்று சிலர் கேட்கக்கூடும். என் மகள் ஒரு நாள் முழுவதும் அதை அணிந்து சமைத்தாள், துணி துவைத்தாள். பல் வைத்த தகடு விரலின் மேல்புறத்தில் படிந்து கிடக்கிறது, எதிலும் தட்டவில்லை என்றாள்.

வரும் ஞாயிறு மலரில் ‘சாவி’ என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். முடிந்தால் அதே படத்தைப் பற்கள் தெரியும்படி பெரிதாக்கிப் போடுங்கள்.

தங்கள் நீண்ட நாள் வாசகன்,
பூட்டுத் தொழிலாளி (ஓய்வு),
திண்டுக்கல்.