கன்னுக்குட்டி எங்க? எல்டர் ஸ்க்ரோல்ஸ் டீமுக்கு ஒரு திறந்த மடல்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம்களை எழுதுறவங்க, டிசைன் பண்றவங்க, அதுல வர்ற ஒவ்வொரு வீட்டு அலமாரியிலயும் ஒவ்வொரு பொருளா பார்த்து பார்த்து அடுக்கினவங்க, உங்க எல்லாருக்கும் வணக்கம்.

2011 நவம்பர் 11ல உங்க சீரீஸோட அஞ்சாவது கேம் ஸ்கைரிம் வந்தப்ப ஆட ஆரம்பிச்சேன், இன்னும் நிறுத்தல. அதுக்கு முந்தின கேம் ஒப்ளிவியன், அதோட கூடுதல் பகுதியா வந்த ஷிவரிங் ஐல்ஸ் எல்லாம் முடிச்சிருக்கேன். இந்த மடல் சீஸ் பத்தினது. ஆமா, சீஸ்தான். உங்க கேம ஆடின யாருக்கும் இது விளையாட்டா தோணாதுன்னு நம்புறேன், ஏன்னா டிராகனுக்கு அடுத்தபடியா இந்த சீரீஸ நெனச்சா ஞாபகம் வர்றது அந்த வட்ட வட்டமான சீஸ்தான். எந்த வீட்டுக்குள்ள போனாலும் மேசை மேல ஐடார்னு உங்க உலகத்து சீஸ் ஒரு சக்கரம், ஆட்டுப்பால் சீஸ் ஒரு சக்கரம், வெட்டின துண்டு நாலு. சண்டைக்கு நடுவுல இன்வென்டரிய, அதாவது நம்ம பொருள் பைய தொறந்தா நேரமே நின்னுடும், இருபது சக்கரத்த ஒண்ணு விடாம முழுங்கிட்டு திரும்ப கத்திய தூக்கலாம். வீடு வாங்கின உடனே ஒரு ரூம் நெறைய சீஸ் அடுக்கி வெச்சவங்க, மலை உச்சியில இருந்து சக்கரங்கள உருட்டி விட்டு வீடியோ எடுத்தவங்க எத்தன பேர். ஷியோகொராத்னு பைத்தியத்துக்கே ஒரு தெய்வத்த படைச்சு அவருக்கு சீஸ் மேல அப்படி ஒரு பிரியத்தையும் கொடுத்தது நீங்கதான்.

நான் பால் பொருள் சாப்பிடுறத நிறுத்தி சில வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் ஒரு தடவ ஸ்கைரிம்ல புதுசா ஒரு ஆள உருவாக்கி, இவ மிருகத்துகிட்ட இருந்து வர்ற எதையும் சாப்பிட மாட்டான்னு முடிவு பண்ணி ஆடினேன், முழு கதையும். அந்த பிளேத்ரூலதான் இந்த மடலுக்கான கேள்வி எனக்குள்ள வந்துச்சு.

முதல்ல சந்தோஷமான விஷயத்த சொல்லிடுறேன். உங்க கேம்ல தசையால சண்ட போடுற ஒருத்தருக்கு கெடைக்கிற அருமையான சாப்பாடு காய்கறி சூப். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, லீக், தக்காளி, அவ்ளோதான். குடிச்சா 720 செகண்டுக்கு ஒவ்வொரு செகண்டும் ஒரு புள்ளி ஹெல்த்தும் ஒரு புள்ளி ஸ்டாமினாவும் (உடம்பு தெம்பு) ஏறிட்டே இருக்கும், அந்த ஒரு புள்ளி ஸ்டாமினா இருந்தா போதும் பவர் அட்டாக்ங்குற பலமான அடிய அடிச்சிட்டே இருக்கலாம்ங்குறது பழைய ஆட்டக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். இத வேணும்னு செஞ்சீங்களோ தற்செயலோ, எனக்கு அது பெரிய பரிசு.

ஆனா மந்திரம் பண்றவங்களுக்கு? எல்ஸ்வேர் ஃபாண்டூங்குற உருக்கின சீஸ் பதார்த்தம். ஒரு ஏல் (பீர் மாதிரி ஒரு பானம்), ஒரு ஐடார் சீஸ் சக்கரம், கொஞ்சம் மூன் சுகர்ங்குற உங்க உலகத்து சர்க்கரை. அதே 720 செகண்டுக்கு மேஜிக்கா, அதாவது மந்திர சக்தி 100 கூடும், திரும்ப நிரம்புற வேகமும் 25 சதவீதம் ஏறும். சீஸ் வேணாம்னு சொல்ற மந்திரவாதிக்கு சமையல் பானையில இதுக்கு ஈடா ஒண்ணுமே இல்ல. வாள் பிடிக்கிறவளுக்கு கெடச்ச வழி இவளுக்கு இல்ல, அதுக்கு கதையில ஒரு காரணமும் இல்ல, யாரும் யோசிக்கலங்குறது மட்டும்தான் காரணம்னு எனக்கு தோணுது.

இது சின்ன விஷயம், ஒரு ரெசிபி சேர்த்தா முடிஞ்சிடும். பெரிய விஷயம் வேற.

ஸ்கைரிமுக்கு ஹார்த்ஃபயர்னு கூடுதல் பகுதி வந்தப்ப நிலம் வாங்கி, மரம் அறுத்து, நானே வீடு கட்டினேன். வீட்ட பார்த்துக்குற ஸ்டூவர்ட் கிட்ட சொல்லி ஒரு மாடு வாங்கி கட்டினேன், கோழியும் வாங்கினேன். அதே ஹார்த்ஃபயர்லதான் பால் ஜாடியும் வெண்ணெயும் வந்துச்சு, அதுலதான் அனாதை பிள்ளைங்கள தத்தெடுத்து வளர்க்குற வழியும் வந்துச்சு, ராத்திரி வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க ஓடி வந்து என்ன கொண்டு வந்தன்னு கேக்குறது எவ்ளோ அழகு. அந்த வீட்டு வாசல்ல நின்னுட்டு ஒரு நாள் மாட்டையே பார்த்துட்டு இருந்தேன். கறக்க முடியாது, சும்மா நிக்கும், புல்ல பார்க்கும். அப்பதான் உறைச்சுது, வைட்ரன் பண்ணைகள்ல, ரிவர்வுட்ல, ரோரிக்ஸ்டெட்ல, எங்கயுமே நான் ஒரு கன்னுக்குட்டிய பார்த்ததே இல்ல. இத்தன வருஷத்துல ஒண்ணு கூட இல்ல. மாடு இருக்கு, பால் இருக்கு, மலை மலையா சீஸ் இருக்கு, கன்னு இல்ல.

கன்னு ஈனாம எந்த மாடும் பால் சுரக்காது. இத தெரியாதவங்க இருக்காங்களான்னு கேக்காதீங்க, நெறைய பேர் இருக்காங்க, வளர்ந்தவங்களே மாடுன்னா பால் தானா வரும்னு நெனச்சிட்டு இருக்கறத நான் நேர்ல கேட்டிருக்கேன். ஒம்பது மாசத்துக்கு மேல சினை சுமந்து ஈனும், அந்த பால் கன்னுக்குன்னு ஊறுறது. பெரிய பால் பண்ணைகள்ல பொறந்த சில மணி நேரத்துலயோ ஓரிரு நாள்லயோ கன்ன தாய்கிட்ட இருந்து பிரிச்சிடுறது வழக்கமா நடக்குறது. பொட்டக்கன்னு அடுத்த கறவை மாடு ஆகும். காளைக்கன்னு பால் தராது, அதனால அது பெரும்பாலும் கறிக்குத்தான் போகும். கிட்டத்தட்ட பத்து லிட்டர் பால் சேர்ந்தாத்தான் ஒரு கிலோ கெட்டி சீஸ், அப்ப உங்க கேம்ல ஒரு விடுதியோட நெலவறையில அடுக்கி வெச்சிருக்கற சக்கரங்களுக்கு பின்னாடி எத்தன மாடு, எத்தன கன்னு இருந்திருக்கணும்!

இன்னொண்ணும் இருக்கு, பால உறைய வெக்கிற ரெனட். பழைய முறையில அது பால் குடிக்கிற கன்னோட நாலாவது வயித்துல இருந்து எடுக்குறது, அதாவது கன்ன அறுத்து எடுக்குறது. வாள், கோட்டை, குதிரை வண்டின்னு நீங்க காட்டுற மாதிரி ஒரு காலத்துல வாழ்ந்தவங்களுக்கு இது மூடி மறைக்கிற விஷயமே இல்ல, கண்ணு முன்னாடி நடக்குறது. நம்ம காலத்துல மறைஞ்சு போச்சு. 1990ல அமெரிக்காவுல நுண்ணுயிரிகள வெச்சு, ரெனட்ல பால உறைய வெக்கிற அதே கைமோசின் நொதிய தயாரிக்க அனுமதி கெடச்சுது, இன்னைக்கு நெறைய சீஸ் அப்படித்தான் வருது. ஆனா இத்தாலியோட பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் மாதிரி சிலதுக்கு இப்பவும் கன்னு ரெனட்தான் போடணும்னு விதியே இருக்கு. சைவம்னு நம்பி அத சாப்பிடுறவங்க எத்தன பேருன்னு நெனச்சா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

இப்ப நீங்க சொல்லலாம், எங்க கேம்ல ஊர் ஊரா ஆளுங்க சாகுறாங்க, நீ கன்னுக்குட்டிக்கு அழுறியான்னு. ஆனா உங்க கேம் அறம் பேசாத கேம் இல்லையே, அதுதான் என்னோட வாதமே. அடுத்தவங்க வீட்டு மேசையில இருக்கற சீஸ் மேல கண்ண வெச்சாலே எழுத்து சிவப்பா மாறுது, அது திருட்டுன்னு கேம் சொல்லுது. ரிவர்வுட்ல ஒரு கோழிய கொன்னா ஊரே கத்திய தூக்கிட்டு வருது, ஏன்னா அது யாரோட கோழியோ. நமிரா க்வெஸ்ட்ல (க்வெஸ்ட்னா கதையில நமக்கு தர்ற ஒரு வேலை) மனுஷ மாமிசம் சாப்பிடுவியா மாட்டியான்னு நேருக்கு நேரா கேக்குறீங்க, மாட்டேன்னு சொல்றதுக்கும் இடம் வெச்சிருக்கீங்க. வேலன்வுட் காட்டுல பாஸ்மர்ங்குற எல்ஃப் இனத்துக்கு கிரீன் பாக்ட்னு ஒரு ஒப்பந்தம், அந்த காட்டுல ஒரு செடிக்கும் தீங்கு பண்ணக்கூடாது, மாமிசம்தான் சாப்பிடணும்னு. எனக்கு நேர் எதிரான விரதம் அது, ஆனா அத படிச்சப்ப எனக்கு எவ்ளோ மரியாதை வந்துச்சு தெரியுமா, ஒரு மொத்த இனமே நான் சாப்பிடுறது எங்க இருந்து வருதுன்னு யோசிச்சு, அதுக்கு ஒரு வெலையும் கொடுக்குது. சாப்பாட்டுல அறம் இருக்குன்னு இந்த உலகத்துக்கு ஏற்கனவே தெரியும். சீஸ் கிட்ட வந்தா மட்டும் அந்த யோசனை நின்னுடுது. அந்த சிவப்பு எழுத்து யாரோட சொத்துன்னு கேக்குது, யாரோட பாலுன்னு கேக்கல.

ஒப்ளிவியன்ல பார்டர் வாட்ச் க்வெஸ்ட் ஞாபகம் இருக்குல்ல, ஷியோகொராத் சொல்லி ஒரு சின்ன ஊர பயமுறுத்த போவோம். நாத்தம் புடிச்ச ஓல்ராய் சீஸ எடுத்து பானையில போட்டா எலிக்கூட்டம் வரும், அப்புறம் எலி விஷத்த எடுத்து ஆட்டுத் தீவனத்துல கலக்கணும், ஆடுங்க செத்து விழும், கடைசியா வானத்துல இருந்து எரியிற நாய்ங்க. நானும் அன்னைக்கு ரசிச்சு ஆடினேன், மறைக்கல. இப்ப நெனச்சு பார்த்தா அந்த ஆடுகள் ஊருக்கு பஞ்சம் வரப்போகுதுங்குற அறிகுறி மட்டும்தான், உயிரா கணக்குல வரல.

ஆனா உங்களால முடியும்னு எனக்கு தெரியும், ஏன்னா ஸ்கைரிம்லயே நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டியிருக்கீங்க. சாலையில போறப்ப ஒரு விவசாயி ஒரு மாட்ட ஓட்டிட்டு வருவான், மாட்டு மேல வண்ணத்துல சுழி சுழியா வரஞ்சிருக்கும். ராட்சசங்களுக்கு காணிக்கை அது, மாட்ட கொடுத்தா நம்ம பண்ணை பக்கம் வர மாட்டாங்கன்னு. அந்த பிளேத்ரூல நான் ஆயுதத்த உள்ள வெச்சிட்டு அவன் பின்னாடியே ரொம்ப தூரம் நடந்தேன். வசனம் ரெண்டு மூணு வரிதான். இருந்தாலும் அந்த ஒரு மாட்டுக்கு மட்டும் ஒரு கதை இருந்துச்சு, அதுக்கு என்ன ஆகப்போகுதுன்னு எனக்கு தெரிஞ்சுது, அவனுக்கும் வேற வழி இல்லன்னு தெரிஞ்சுது. மொத்த கேம்லயும் என்னைய அவ்ளோ நேரம் யோசிக்க வெச்ச இடம் வேற இல்ல. ராட்சசங்க முகாம்ல கிண்ணம் கிண்ணமா மாமத்ங்குற முடி அடர்ந்த யானையோட சீஸ் இருக்கும், அங்கயும் மாமத்த மேய்க்குறாங்க, கூடவே படுக்குறாங்க, யாராவது கை வெச்சா அடிச்சு வானத்துக்கு அனுப்புறாங்க. பால் கொடுக்குற மிருகத்தோட சேர்ந்து வாழுற ஒரு கூட்டம்னு பார்த்தா எனக்கு அவங்க மேல கோவமே வரல.

சீஸ எடுத்துடுங்கன்னு நான் கேக்கல. ஸ்கைரிம் மாதிரி குளிர் நாட்டுல, கதிர் வெளையாத மலைச்சரிவுல ஆடு மேய்ச்சு, வெயில் காலத்து பால சீஸா மாத்தி பனிக்காலத்துக்கு சேர்த்து வெக்கிறவங்க வாழ்க்கை நேர்மையானது, அவங்களும் நானும் ஒரே தட்டுல சாப்பிட முடியாதுன்னாலும். கடையில நூறு வகை சாப்பாடு கெடைக்கிற நான் எடுக்குற முடிவும், வேற வழியே இல்லாத ஒருத்தர் எடுக்குற முடிவும் ஒண்ணு இல்ல. அந்த வித்தியாசத்த சொல்றதுக்கு உங்க கேம விட நல்ல இடம் எதுவும் இல்ல.

அடுத்த கேம் வருதுன்னு 2018ல அறிவிச்சீங்க, காத்துட்டு இருக்கோம். அதுல எனக்கு வேணும்னு தோணுறத கேக்குறேன். பண்ணையில கன்னு இருக்கட்டும், தாய் பின்னாடி ஓடட்டும். சீஸ் செய்யிற ஒருத்தர் இருக்கட்டும், வெறும் கடைக்காரரா இல்லாம, ரெனட் எங்க இருந்து வருதுன்னு கேட்டா தயங்காம சொல்றவரா, அதுல அவருக்கு ஏதாவது வருத்தம் இருந்தா அதையும் சொல்றவரா. மருந்து காய்ச்சுற ஆல்கெமிய இதுக்குள்ள கொண்டு வாங்க, ஸ்கைரிம்லயே முள்செடி கிளைய பறிச்சு குளிர் தாங்குற மருந்து காய்ச்சுறோமே, நெஜத்துலயும் போர்ச்சுகல்ல செர்ரா டா எஸ்ட்ரெலாங்குற சீஸ செம்மறி ஆட்டுப்பால்ல, அதே மாதிரி ஒரு முள்செடியோட காஞ்ச பூவ போட்டுத்தான் உறைய வெக்கிறாங்க, கன்னு வயிறு தேவையில்ல. இத ஒரு க்வெஸ்டா யோசிச்சு பாருங்க, காளைக்கன்னுகள அறுக்க மனசில்லாத ஒரு சீஸ்காரிக்கு மலையேறி பூ பறிச்சிட்டு வந்து கொடுக்குறது. எனக்கு டிராகன விட அது பிடிக்கும்.

அப்புறம் சீஸ் வேணாம்னு ஒரு ஆட்டக்காரர் ஒதுங்கினா உலகம் அத கவனிக்கட்டும். விடுதிக்காரம்மா ஒரு வார்த்தை கேக்கட்டும், கூட வர்ற துணை ஆளு (ஃபாலோவர்) புரியாம சண்டை கூட போடட்டும், அதுவும் எனக்கு பதில்தான். பசி எடுக்குற சர்வைவல் ஆட்ட முறைய 2017லயே கொண்டு வந்துட்டீங்க, சாப்பாடு முக்கியம்னு ஒத்துக்கிட்டீங்க, அடுத்த படிதான் இது. ரசிகர்கள் கேம மாத்தி செய்யிற மோட் இருக்கே, அத போட்டுக்கோன்னு சொல்லிடாதீங்க, மோட் தேடி வர்றவங்க ஏற்கனவே யோசிச்சவங்க, நான் பேசுறது யோசிக்காம சக்கரத்த எடுத்து பைக்குள்ள போடுற கோடிக்கணக்கான பேருக்காக.

கேம்ல சாப்பிடுறதால எந்த மாட்டுக்கும் வலிக்காது, எனக்கு தெரியாம இல்ல. ஆனா வெளிய நடக்குறத பாருங்க. 2018ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வு 119 நாடுகள்ல 38,700 பண்ணைகளோட கணக்க எடுத்துச்சு, அதுல ஒரு கிலோ சீஸ் உண்டாக்குற பசுமைக்குடில் வாயு ஒரு கிலோ கோழிக்கறியையும் பன்னிக்கறியையும் விட அதிகம். கறிய விட்டுட்டேன், சீஸ்தானேன்னு நிம்மதியா இருந்த எனக்கு அத படிச்சப்ப ரொம்ப நேரம் பேச்சே வரல. சீஸ்ங்குறது எங்க இருந்தோ தானா முளைச்சு மேசைக்கு வர்ற பொருள்ங்குற எண்ணம் எனக்குள்ள ஊறி இருந்துச்சு, அதுல நான் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல ஆடின உங்க கேம்களுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் நெனைக்கிறேன். குத்தமா சொல்லல. உங்க மேல இருக்கற அன்புலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

புது கேம் வர்ற அன்னைக்கு நான் முதல்ல கோட்டைக்கு போக மாட்டேன், கண்ணுல படுற முதல் பண்ணை வேலிகிட்ட போய் நின்னு பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்க உலகத்துல இன்னும் காய்கறி சூப் குடிச்சிட்டு சுத்திட்டு இருக்கற ஒரு ஆட்டக்காரர்