துளசிப் பூவும் நீலவரித் தேனீயும்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. கோபிக்காதே, நான் இப்போது கமராவும் கையுமாய்ப் பூச்சிகளுக்குப் பின்னால் திரிகிறேன். மனிசி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

சின்னப் பொருட்களைக் கிட்டப்போய் எடுக்கவென்று மகன் தந்த 100 மில்லிமீற்றர் மெக்ரோ லென்ஸ் ஒரு வருடமாக அலுமாரிக்குள் கிடந்தது. பூவில் இருக்கிற பூச்சியை யாரும் எடுப்பார்கள். எனக்குப் பறக்கிறது வேண்டும். பூச்சி அதன் நிஜ அளவிலேயே பதியும்படி கிட்டப் போனால், அபெச்சரை, அதுதான் லென்ஸின் துவாரத்தை, 11க்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டாது. கண் விழுந்தால் செட்டை விழாது. ஓட்டோ போகஸ் அங்குமிங்கும் தேடி முடிக்குமுன் ஆள் போய்விடும். அதனால் அதை நிற்பாட்டிவிட்டு, போகஸ் தூரத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு நான்தான் முன்னும் பின்னும் ஆடுகிறேன். பார்க்கிறவன் என்ன நினைப்பானோ!

எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே துளசி பூத்திருக்கிறது. அதற்கு நீலவரித் தேனீ வரும். பூவில் இருக்க முதல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், நாக்கை ஊசிபோல முன்னுக்கு நீட்டிக்கொண்டு. கறுத்த வயிற்றில் மயில்நீலக் கோடுகள். அந்த ஒரு கணம்தான் எனக்குக் கிடைக்கிறது. பிளாஷின் பலத்தை 1/16க்குக் குறைத்தால் வெளிச்சம் செக்கனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மின்னும்; செட்டை அப்படியே உறைந்துவிடும். நேற்று 200 படத்துக்கு மேல் எடுத்தேன். மூன்று தேறியது. ஒன்றில் நாக்கின் நுனிகூடத் தெரிகிறது.

பெத்தகானை ஈரநிலப் பூங்காவுக்கும் போனேன். மரப்பாதையில் முழங்காலில் இருந்து எழும்ப முடியாமல், யாரோ ஒரு பொடியன் கைகொடுத்தான். அதை விடு.

ஐப்பசியில் கூட்டமாய் வருமே மஞ்சள் தும்பி, அதுதான் இன்னும் அகப்படவில்லை. லேசில் எதிலும் வந்து இருக்காது. இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கடல் தாண்டி கிழக்கு ஆபிரிக்கா மட்டும் போகிறதாம். நாங்கள் சின்னனில் அதன் வாலில்தானே நூல் கட்டினோம்?

தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். உன் வளவுப் பூசணிக் கொடிக்கு அதுவரை மருந்து அடிக்காதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்