கால் எட்டாத வண்டியோடு மலையேறும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பைக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். சனி, ஞாயிறு வந்தால் மதுரை, கோவை, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்தும் கிளம்பிக் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கு வருகிறீர்கள். வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 பைக் வைத்திருப்பவன்தான். தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு. அதனால் இதை ஊர்க்காரன் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டியின் எடையையும் உயரத்தையும் பற்றி மட்டும் பேச வேண்டியிருக்கிறது.

போன மாதம் பண்ணைக்காடு பக்கம் நடந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. இடது கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருந்த ஒருவர், எதிரே வாழைத்தார் ஏற்றிய பிக்கப் வந்ததும் பிரேக் போட்டார். இடது வளைவில் உள்பக்கம் சாலை எப்படிச் சரிந்து கிடக்கும் என்று மலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அவர் இடது காலை இறக்கினார். ஷூ நுனிக்கு இன்னும் நான்கு விரற்கடை கீழே இருந்தது தார். வண்டி அவசரமே இல்லாமல் படுத்துக்கொண்டது. நல்ல வேளை, அவர் காலை உருவிக்கொண்டார். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் கூடாரம், டேங்க் நிறைய பெட்ரோல். பிக்கப் டிரைவர், நான், தோட்டத்து ஆட்கள் இருவர், அப்புறம் அவர், ஆக ஐந்து பேர் சேர்ந்து நிமிர்த்தினோம். முதல் தடவை தூக்கும்போது நியூட்ரலில் கிடந்ததால் பின்னாலேயே உருள ஆரம்பித்து என் முழங்காலைப் பதம் பார்த்தது.

அவர் ஐந்தரை அடி இருப்பார். கரடுமுரடான பாதையிலும் நெடுந்தூரம் போவதற்கென்று செய்த பெரிய அட்வென்சர் வண்டிகளில் பலவற்றுக்கு சீட் உயரம் 850 மில்லிமீட்டரைத் தொடும். என் 411க்கு 800, புதிய 450க்கு 825. காகிதத்தில் ஐந்து சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். சரிந்த வளைவில் நின்று பாருங்கள், புரியும்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ. சுசுகியின் வி-ஸ்ட்ராம் 800 டிஇ 230. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249. அதன் அட்வென்சர் மாடல் 30 லிட்டர் டேங்க்கோடு 268. பின்னர் வந்த ஆர் 1300 ஜிஎஸ்ஸை 237க்குக் குறைத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் மூத்த வண்டியான ஆர் 80 ஜி/எஸ் 1980இல் வந்தபோது 50 குதிரைத்திறன், 186 கிலோதான்! இந்தக் கணக்கில் பெட்டியும் கூடாரமும் சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதற்காக எடையை மட்டும் வைத்து வண்டியை மதிப்பிடுவதும் சரியில்லை. ஒரு நண்பரின் ஜிஎஸ்ஸைப் பெருமாள்மலை வரை ஓட்டியிருக்கிறேன். பாக்ஸர் எஞ்சினின் இரண்டு சிலிண்டரும் பக்கவாட்டில் தாழ்வாக நீட்டிக்கொண்டிருப்பதால், நகர ஆரம்பித்ததும் அந்த 249 கிலோ எங்கே போனதென்றே தெரியவில்லை. விழுந்தாலும் சிலிண்டர் முட்டுக்கொடுப்பதால் முழுசாகப் படுக்காது. ஹோண்டாவின் ஆப்பிரிக்கா ட்வின்னில் டிசிடி, அதாவது தானாகக் கியர் மாற்றும் மாடல் வாங்கினால் கையால் பிடிக்கும் கிளட்ச் லீவரே கிடையாது. வளைவில் எஞ்சின் அணைந்து கவிழும் பயம் இல்லை. ஆனால் கிளட்சைப் பாதி பிடித்து ஊர்ந்து பழகியவர்கள் பின் பிரேக்கை லேசாக அழுத்தி ஓட்டப் பழக வேண்டும். ஹார்லி பான் அமெரிக்காவில் நிற்கும்போது வண்டியே தானாகத் தாழ்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன், அந்த வளைவைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஆக, உங்களிடம் கேட்பது இதுதான். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் குறுகல் பாதைக்குப் பெட்டிகளோடு வராதீர்கள். அறையில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் வத்தலக்குண்டு சாலையிலேயே இறங்குங்கள். ஏறும்போது வளைவுக்கு முன்னாலேயே மேலே பாருங்கள். வண்டி வருவது தெரிந்தால் கீழேயே நேரான இடத்தில் நின்று வழிவிடுங்கள். காபி லோடு வண்டிக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

வாங்கிய வாரமே, வெறும் வண்டியை ஒரு மைதானத்தில் புல்தரையில் படுக்கவைத்து நிமிர்த்திப் பாருங்கள். எஞ்சினை அணைத்துக் கியரில் போடுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் நிமிர்த்திய வேகத்தில் இடது பக்கம் போய் விழும். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்பி, சீட்டில் முதுகைக் கொடுத்து, குனியாமல், கால்களால் உந்தி அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடங்கள். தனியாக முடியவில்லையா? அப்படியானால் அந்த வண்டியோடு மன்னவனூர்ப் பக்கம் தனியாக வராதீர்கள், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எங்கள் பக்கம் வந்தால் காபி குடித்துவிட்டுப் போகலாம். வண்டியை மட்டும் கீழே கோயில் முன்னால் உள்ள சமதரையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். எங்கள் வாசல் சரிவு, என் முழங்கால் இன்னும் ஆறவில்லை.

அன்புடன்,
தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டக்காரன்