தையல் இயந்திரமும் சாலிடரிங் அயர்னும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சான் பிரான்சிஸ்கோவில் 2007-இல் தொடங்கிய நாய்ஸ்பிரிட்ஜ் என்ற பொதுப் பட்டறையில், மின்பாகங்களைப் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்னும் தையல் இயந்திரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்க் கற்கலாம். பனியன் தொழிலில் ஊறிய எங்கள் திருப்பூருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா?

மின்சாரம் கடத்தும் எஃகு நூலால் துணியில் சின்ன எல்.இ.டி. விளக்கைத் தைத்து, 3 வோல்ட் பட்டன் பேட்டரியோடு இணைத்தால் விளக்கு எரியும். நேர்முனை நூலும் எதிர்முனை நூலும் எங்காவது உரசினால் அணைந்துவிடும். துணியைத் திருப்பிப் போட்டு, பிசிறு நிற்கும் முடிச்சைத் தேடிக் கத்தரிக்கும் பிள்ளைக்கு மின்சுற்றுப் பாடம் மனப்பாடம் செய்யாமலே புரிந்துவிடும். தையல்காரர்கள் சொல்லித்தர வேண்டிய பாடம் இது. அவர்களை ஆசிரியர்களாக அழைக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்காக மத்திய அரசு 20 லட்சம் ரூபாய் வரை நிதி தந்து பள்ளிகளில் அமைக்கும், கருவிகளைக் கொண்டு தாங்களே செய்து பார்த்துக் கற்கும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களை விடுமுறை நாள்களில் ஊர்மக்களுக்கும் திறந்துவிட வேண்டும். ஆய்வகம் இல்லாத பகுதிகளில், நூலகத்தில் ஒரு மேசையும் சில கருவிகளும் போதும். மாவட்ட நிர்வாகம் இந்தக் கோடை விடுமுறையிலேயே இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்