நிலம் மாறும் முன் கிணற்று நீரைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். விளைநிலத்தை மனைப்பிரிவாகவோ ஆலை வளாகமாகவோ மாற்ற அனுமதி தரும்போது, பட்டாவையும் பாதையையும் பார்க்கும் அதே கண்டிப்போடு, சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

ஜப்பானில் அசோ எரிமலைக்கு மேற்கே உள்ள குமாமோட்டோ நகரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நிலத்தடி நீரையே முழுக்க நம்பி வாழ்கிறார்கள். எரிமலைச் சாம்பலும் கல்லும் படிந்த அந்த மண்ணில் வயல்நீர் விரைந்து கீழே இறங்கும்; கால்நடைக் கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் நைட்ரேட் என்னும் உப்பும் அதே வழியாக இறங்கும். நெல் வயல்கள் சுருங்கி ஊற்று குறைந்ததைக் கண்ட அந்நகரம், வேறு பயிருக்கு மாறிய வயல்களில் சில காலம் நீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்கும் உழவர்களுக்கு 2004 முதல் பணம் கொடுத்து வருகிறது. நிலத்தை ஆள்வதும் குடிநீரைக் காப்பதும் அங்கே ஒரே வேலையாகிவிட்டன.

நம்முடைய நிலைமை இன்னும் இக்கட்டானது. சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள் நிறைந்த இம்மண்ணில், பாறை சிதைந்து உண்டான மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் பாலாற்று மணலிலும் தங்கும் சொற்ப நீரே நம் இருப்பு. அதில் உப்போ, தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்னும் உலோகமோ கலந்துவிட்டால் அதை நீர்த்துப்போகச் செய்யப் போதிய தண்ணீர் இல்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் இங்கே ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதை 1996-இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. இன்றும் ஆலைப் பகுதிகளை ஒட்டிய எத்தனையோ கிணறுகளில் மோட்டார் போட்டால், வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, தென்னையில் ஓலை நுனி கருகுகிறது. வீட்டில் கிணறு இருந்தும் கேன் தண்ணீர் வாங்கும் கொடுமையை எங்கள் பெண்கள் எத்தனை காலம் பொறுப்பார்கள்?

பழி ஆலைகளோடு முடிந்துவிடவும் இல்லை. சாக்கடை வசதியில்லாத புது மனைப்பிரிவுகளின் கழிவுநீர்க் குழிகளும், அளவின்றிப் போடும் யூரியாவும், ஏரி உள்வாயில் கொட்டும் குப்பையும் இதே பாறை வெடிப்பைத்தான் தேடிப் போகின்றன.

ஆகவே நில மாற்றத்துக்கு முன்பும், அதன்பின் ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும், அக்கம்பக்கக் கிணறுகளில் மொத்தக் கரைந்த உப்பு, நைட்ரேட், குரோமியம் ஆகியவற்றை அளந்திடுங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமும், குரோமியம் 0.05 மில்லிகிராமும் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று அதே 1996 தீர்ப்பு வகுத்த நெறியை ஒட்டி, இச்சோதனைச் செலவை நில மாற்றம் கேட்பவரே ஏற்கட்டும். முடிவுகளை மார்ச் 22 கிராம சபையில் கிணறு வாரியாக வாசிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பாலாற்றுப் பாசன உழவர் ஒருவர்