டர்பன் தமிழ் வகுப்புகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிற கூடங்களுக்கு வந்து, யாரோ கொடுத்த பழைய லேப்டாப்புகளில் லினக்ஸ் ஏற்றி, தமிழ் எழுத்துரு போட்டு, ஈமேக்ஸோ விம்மோ ஏதாவது ஓர் உரை எடிட்டரை நிறுவித் தருகிறவர்கள் நீங்கள். பெட்ரோல் செலவைக்கூட நீங்கள் கேட்பதில்லை. அந்த உழைப்பைத் தெரிந்தவன் என்பதால்தான் உரிமையோடு எழுதுகிறேன். எடிட்டரை அமைத்துவிட்டுக் கிளம்பும் முன், பாடக்குறிப்பில் இருக்கும் இணைய லிங்க்கைத் தொட்டால் பிரவுசர் திறக்கும்படி செய்துவிட்டுப் போங்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் வகுப்பு டீச்சரம்மாவுக்கு எழுபது வயது ஆகப்போகிறது. 1860 இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதே, அதற்கப்புறம் வந்த கப்பல்களில் ஒன்றில் வந்த குடும்பம். தமிழ் எழுத்தை நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டார். வகுப்பு அலமாரியில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்கள் முப்பதைத் தாண்டாது. அதனால் அவருக்கு நூலகம் என்றால் இணையம்தான். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிவைக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் விக்சனரி அகராதி இவைதான் அவருடைய அலமாரி. பாடக்குறிப்பில் இருக்கும் லிங்க்தான் அந்த அலமாரியின் கதவு.

அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. வாரா வாரம் லிங்க்கை மவுஸால் இழுத்துப் பிடித்து, நகலெடுத்து, பிரவுசரைத் தேடித் திறந்து, ஒட்டி, என்டர் தட்டுவார். ஒரு சனிக்கிழமை, 'பக்கம் இல்லை' என்று வந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அந்தப் பாட்டை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் நான் பார்த்தேன். பாட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. குறிப்பை எழுதியவர் லிங்க்கின் வாலில் ஒரு சிறுகோடு போட்டு 'இல்' என்ற உருபை ஒட்டியிருந்தார். நகலெடுத்தபோது அந்த உருபும் முகவரியோடு சேர்ந்து போய்விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே வராது. அவர்கள் வேற்றுமையைத் தனிச்சொல்லாக முன்னால் வைப்பார்கள். நாம் பின்னால் ஒட்டுகிறோம்: 'இல்', 'இலிருந்து', 'ஐ', 'உக்கு'. லிங்க்கின் வாலில் புள்ளியோ கமாவோ வந்தால் ஈமேக்ஸ் அதைத் தானே விட்டுவிடும். ஆனால் தமிழ் உருபை எப்படி விடும்? அதன் கணக்கில் 'இ' ஓர் எழுத்து, முகவரிக்குள் வரத்தக்க எழுத்து. அது அப்படி நினைப்பதும் சரிதான். தமிழ் விக்கிப்பீடியா முகவரிகளில் தமிழ் எழுத்துகள் உண்மையாகவே வருகின்றனவே! விம்மும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே எடிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. லிங்க்கைத் தனி வரியில் வையுங்கள், அல்லது இருபுறமும் கோண அடைப்புக்குறி போடுங்கள், உருபை வெளியே விடுங்கள். குறிப்பு எழுதும் ஆசிரியர்களுக்கு இதை நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். நான் சொன்னால் இலக்கணத் திருத்தம் என்று நினைக்கிறார்கள்.

சரி, அமைப்புக்கு வருவோம். ஈமேக்ஸில் இதற்குப் புதிதாக எதையும் இறக்க வேண்டியதில்லை, டேட்டாவும் செலவாகாது. 'பிரவுஸ்-யூஆர்எல்' என்ற பகுதி உள்ளேயே இருக்கிறது. எந்தப் பிரவுசரைக் கூப்பிட வேண்டும் என்பதை 'பிரவுஸ்-யூஆர்எல்-பிரவுசர்-ஃபங்ஷன்' என்ற மாறி (வேரியபிள்) தீர்மானிக்கிறது. அதில் ஃபயர்ஃபாக்ஸுக்கான ஃபங்ஷனை வைத்தால் போதும். வேறு பிரவுசர் என்றால் 'ஜெனரிக்' வகையைக் கொடுத்து, நிரலின் பெயரைத் தனி மாறியில் எழுதுங்கள்.

அதைவிட முக்கியம் 'கோட்டு-அட்ரஸ்-மோட்'. உரைக் கோப்பு திறக்கும்போதெல்லாம் இது தானாக ஓடும்படி ஹுக்கில் சேர்த்துவிடுங்கள். லிங்க் எதுவரை என்று அடிக்கோடு போல எடுத்துக் காட்டும். மவுஸால் தொட்டாலும் சரி, கர்சரை அதன்மேல் வைத்துக் கன்ட்ரோல்-சி, அப்புறம் என்டர் தட்டினாலும் சரி, பக்கம் திறக்கும். டீச்சரம்மாவுக்கு இதில் இன்னொரு நன்மை: உருபு லிங்க்கோடு ஒட்டியிருந்தால் அடிக்கோடும் உருபுவரை நீளும், கண்ணாலேயே பிடித்துவிடலாம். தவறிப்போய் எதையாவது திறந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு 'பிரவுஸ்-யூஆர்எல்' கட்டளையையே ஒரு விசையில் கட்டிக் கொடுங்கள். அது முகவரியை அடிவரியில் காட்டிவிட்டு என்டருக்காகக் காத்திருக்கும். தவறாக ஒட்டிய உருபை அங்கேயே அழித்துவிடலாம்.

விம் பழகியவர்களுக்குச் சுருக்கமாக: லிங்க்கின் மேல் கர்சரை வைத்து ஜி, எக்ஸ் இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் போதும். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மிலும் அதே விசைகள்தான்.

எல்லா லிங்க்கையும் ஃபயர்ஃபாக்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு நாட்களில் கூடத்து வைஃபை நின்றுபோய், யாராவது ஒருவர் தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுக்க வேண்டியிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த டேட்டாவுக்கு அவர்தான் காசு கொடுத்தார். வெறும் பாட்டு வரிகளைப் படிக்க ஒரு முழுப் பிரவுசர் எதற்கு? 2014 இல் வந்த ஈமேக்ஸ் 24.4 முதல் 'ஈடபிள்யூடபிள்யூ' என்ற எழுத்துப் பிரவுசர் உள்ளேயே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது. படங்களையும் நிறுத்திவைக்கலாம். மதுரைத் திட்டத்தின் பக்கம் போன்ற எளிய பக்கங்களுக்கு அது போதும், வேண்டிய பக்கத்தை மட்டும் பெரிய பிரவுசருக்கு அனுப்ப அதில் '&' விசை இருக்கிறது. 2022 இல் வந்த ஈமேக்ஸ் 28 முதல் 'பிரவுஸ்-யூஆர்எல்-ஹேண்ட்லர்ஸ்' என்ற பட்டியலும் உண்டு. எந்த முகவரி எதில் திறக்க வேண்டும் என்று அதில் பிரித்துச் சொல்லலாம். வீடியோ என்றால் ஃபயர்ஃபாக்ஸ், பாட்டும் அகராதியும் என்றால் எழுத்துப் பிரவுசர். எங்கள் வகுப்பில் நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் டெர்மினலுக்குள் ஈமேக்ஸை ஓட்டாதீர்கள், பல டெர்மினல்களில் கொம்பும் காலும் சிதறும். தனிச் சாளரத்தில் ஓட்டுங்கள். 2020 இல் வந்த 27 ஆம் பதிப்பிலிருந்து, எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் சேர்ந்திருப்பதால் அங்கே தமிழ் ஒழுங்காக வரும்.

இன்னொன்று. தமிழ் விக்கிப்பீடியா முகவரியைப் பிரவுசரிலிருந்து எடுத்து ஒட்டும்போது அது சதவீதக் குறியும் எண்களுமாக மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். 'தமிழ்' என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. ஆக ஒரே சொல் 45 எழுத்தாகிவிடுகிறது. அச்செடுத்த தாளில் இதைப் பார்த்துப் பிரவுசரில் கையால் அடிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அடிக்காது. எந்தப் பக்கம் என்பதும் பார்த்தால் புரியாது. குறிப்பிலிருந்தே தொட்டுத் திறக்க முடியும் என்றால் இந்த அவஸ்தை பாதி குறையும். முடிந்தால் முகவரியைத் தமிழ் எழுத்திலேயே கோப்பில் வையுங்கள், ஈமேக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும்.

ஒரு கூடத்தில் கணினி அமைத்துக் கொடுத்த ஒருவர் என்னிடம், "தமிழ் தட்டச்சு வருகிறதே, இன்னும் என்ன?" என்று கேட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. டீச்சரம்மா அங்கே தட்டச்சு செய்வது கொஞ்சம்தான். படிப்பதும் பிள்ளைகளுக்குக் காட்டுவதும்தான் அதிகம்.

உங்களால் முடிந்தால், பழைய பாடக்குறிப்புகளில் லிங்க்கோடு ஒட்டிய உருபுகளைத் தேடிப் பிரித்துத் தாருங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடும் முறை தெரிந்த ஒருவருக்கு ஒரு மாலை நேர வேலை. எங்கள் கூடத்துக் கோப்புகளை நான் முடித்துவிட்டேன், அமைப்புக் கோப்பையும் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பேன். வாருங்கள், எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
டர்பன் சனிக்கிழமை வகுப்பில் உதவும் உங்கள் அண்ணன்