அத்தானுக்கு, ஆட்டைத் திவசத்துக்கு முன்

அன்புள்ள அத்தான்,

வியாழக்கிழமை அக்காவின் ஆட்டைத் திவசம். முதல் நாளே வந்து சமையலுக்கு நிற்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இனி உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது அதற்கு முந்தின பின்னேரம்.

நீங்கள் முன்னறையில் இருந்தீர்கள். அக்கா குசினியில் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. "தாடை இழுக்குதடி, முதுகும் ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள். நெஞ்சு நோகுதா என்று கேட்டேன். "நோவெண்டு இல்லை, அமத்திற மாதிரி. டொக்டர் காஸ்ட்ரிக் எண்டுதானே சொன்னவர்." குளிசையை எடுத்துக் கொடுத்தது நான்தான். "கொஞ்சம் படுங்கோ அக்கா" என்றேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் தேத்தண்ணி கேட்டீர்கள். ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஊற்றினாள். சீனி போடாமல்.

உங்கள் நெஞ்சுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு தெரியும், அத்தான். 2021இல் நீங்கள் நெஞ்சில் கை வைத்த உடனேயே 1990 என்ற ஆம்புலன்ஸ் நம்பருக்கு அழைத்தவள் அவள். ஆம்புலன்ஸ் வரும்வரை உங்களைப் படியிறங்க விடவில்லை. அன்றே இசிஜி, அன்றே ஸ்டென்ட். அதே வெள்ளவத்தை வீடு, அதே போன், அதே காலி வீதி. அவளுக்கு மட்டும் யாரும் அழைக்கவில்லை. நானும்தான்.

மன்னித்துக்கொள்ளுங்கள். நான் வைத்தியம் படித்தவள் இல்லை. படித்தவர் "வாய்வு, கொஞ்சம் டென்ஷன்" என்று இசிஜி எடுக்காமலே அனுப்பிவிட்ட பிறகு எனக்கு எப்படித் தெரியும்? அது எந்த இடம், யார் என்று இங்கே எழுதமாட்டேன், பலர் வாசிப்பார்கள். அன்றிரவு வீட்டில் நடந்த வாக்குவாதத்தையும் எழுதமாட்டேன்.

இந்த ஒரு வருஷமாகக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பெண்களுக்கும் நெஞ்சு அழுத்தம்தான் முதல் அறிகுறி. ஆனால் ஆண்களைவிட அவர்களுக்குத் தாடை நோ, முதுகு நோ, மூச்சு வாங்கல், குமட்டல் எல்லாம் கூடவே வருவது அதிகம். கேட்பவர் காதில் நெஞ்சு பின்னுக்குப் போய்விடுகிறது. 1991இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத் தலைவியாக இருந்த இதய மருத்துவர் பெர்னடின் ஹீலி இதைத்தான் எழுதினார்: தன் இதய நோயும் ஆணுடையதைப் போன்றதுதான் என்று நிரூபித்தால்தான் ஒரு பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது. முதல் மாரடைப்பை ஆஸ்பிரின் தடுக்குமா என்று 1980களில் அங்கே 22,071 மருத்துவர்களிடம் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பெண்களிடம் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2005இல்தான் வந்தது. அவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது, முதல் மாரடைப்பு மொத்தத்தில் குறையவில்லை. ஆணுக்குப் பார்த்ததைப் பெண்ணுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது அக்காவுக்குப் பிரஷர் ஏறிக் கடைசி மாதம் வார்ட்டில் இருந்தது ஞாபகமா? அப்படி ஏறிய பெண்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்புக் கூட. காஸ்ட்ரிக் என்றவர் அதைக் கேட்கவில்லை. உங்களுக்கோ ஒவ்வொரு கிளினிக்கிலும் உங்கள் அப்பாவின் மாரடைப்பைப் பற்றிக் கேட்டார்கள். அதைச் சொன்னவளும் அக்காதான், நீங்கள் பேசாமல் இருந்தீர்கள்.

அவள் எழுதி வைத்த மரக்கறித் துண்டையே இன்னும் சந்தைக்குக் கொண்டுபோகிறீர்களாம். மூத்தவள் சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து உங்களோடு கோபப்படவும் முடியவில்லை. ஆனாலும் அந்தத் தேத்தண்ணியை நீங்கள் கேட்காமல் இருந்திருக்கலாம். நானாவது எழும்பி ஊற்றியிருக்கலாம்.

அலுமாரியில் அவளுடைய பழைய கிளினிக் கொப்பி இருக்கும், அந்தப் பிரஷர் அளவுகளோடு. திவசத்துக்கு வீடு ஒதுக்கும்போது எறிந்துவிடாதீர்கள். மூத்தவளுக்கு இப்போது நாலு மாதம். அடுத்த கிளினிக்குக்கு அதையும் கொண்டு நான் அவளோடு போகிறேன்.

உங்கள்
மச்சாள்